முதல் பேஸ்பால் அணி: விநாடி வினாவுக்கு எந்த விடை?

கேள்வி: கல்லூரி விநாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கிறேன். ‘முதல் தொழில்முறை பேஸ்பால் அணி எது?’ என்பதற்கு ஓரிடத்தில் சின்சினாட்டி, இன்னோரிடத்தில் ஃபோர்ட் வெய்ன் என்று இருக்கிறது. லீக் தொடங்கிய ஆண்டும் 1871, 1876 என்று மாறுகிறது. எதை வைப்பது?

பதில்: இப்படியே கேட்டால் அரங்கில் சண்டைதான் வரும். கேள்வியைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், 1869. அதை உருவாக்கிய ஹாரி ரைட் இங்கிலாந்தில் பிறந்த கிரிக்கெட்காரர் (நம் ஊர் அரங்கில் கைதட்டல் வாங்கும் தகவல்!). ஆனால் அப்போது லீக் என்று ஒன்று கிடையாது.

1871 மார்ச்சில் நியூயார்க்கில் கூடித்தான் லீக் அமைத்தார்கள். நுழைவுக் கட்டணம் வெறும் 10 டாலர். அதனால்தான் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அப்போது சிறு நகரமாக இருந்த ஃபோர்ட் வெய்னும் உள்ளே வர முடிந்தது. அணியின் பெயர் கெக்கியோங்கா. அதே இடத்தில் முன்பு இருந்த மயாமி பழங்குடியினரின் ஊர்ப்பெயர். அந்த மே 4ஆம் தேதி வாஷிங்டனில் நடக்கவிருந்த ஆட்டத்தை மழை கெடுத்தது. லீக்கின் முதல் ஆட்டம் என்ற பெருமை ஃபோர்ட் வெய்ன் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. கிளீவ்லாந்து அணியை 2-0 என்று கெக்கியோங்கா வென்றது. ஓர் அணியே 20, 30 ரன் குவிப்பது சர்வசாதாரணமாக இருந்த காலத்தில், எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாத பிட்சர் (பந்து வீசுபவர்) பாபி மேத்யூஸுக்கு அப்போது வயது 19.

பிறகு நடந்தது சோகம். 7 வெற்றி, 12 தோல்வி. ஆகஸ்ட் முடிவதற்குள் அணியே கலைந்தது. லீக்கில் அதற்குப் பதிலாகப் புரூக்ளின் எக்ஃபோர்ட் அணி வந்தது. மேத்யூஸ் வேறு அணிகளுக்குப் போய் மொத்தம் 297 வெற்றிகள் கண்டார்.

ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் வேறு. அட்டவணையும் நடைமுறையும் ஒழுங்காக இல்லை என்று சொல்லி, 1871 லீக்கை ‘மேஜர் லீக்’ (உயர்மட்ட லீக்) கணக்கில் சேர்க்க 1969இல் பேஸ்பால் பதிவேட்டுக் குழு மறுத்துவிட்டது. ஆகவே அதிகாரபூர்வக் கணக்கு 1876இல் உருவான நேஷனல் லீக்கிலிருந்துதான். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் நடுவர் நான் இல்லையே.

‘1871 மே 4 அன்று, முதல் தொழில்முறை பேஸ்பால் லீக்கின் முதல் ஆட்டத்தில் வென்ற அணி எது?’ என்று கேளுங்கள். கெக்கியோங்கா தவிர வேறு விடை கிடையாது.