படிக்கட்டுல தம், சீட்டுல புகை: ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில பிரைவேட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், இப்ப அஞ்சு மாச கர்ப்பம். எங்க ஃப்ளோர் படிக்கட்டுல நின்னு சிலர் தம் அடிக்கிறாங்க, கதவு மூடியிருந்தும் என் சீட் வரைக்கும் நாத்தம் வருது. மேனேஜர்கிட்ட சொன்னா "ஏசி ஓடுதுல்லம்மா, ஒண்ணும் ஆகாது"ன்றார். சின்ன ஏர் பியூரிஃபையர் வாங்கி டேபிள்ல வெச்சுக்கவா?

பதில்: வேணாம்மா, காசு வேஸ்ட். அந்த மெஷின் தூசி மாதிரி இருக்குற புகைத் துகளை கொஞ்சம் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு மாதிரி வாயு அதுல நிக்காது, ஆனா நாத்தம் குறைஞ்சதும் புகையே போயிடுச்சுன்னு நாம நம்பிடுவோம்.

உங்க மேனேஜர் சொல்ற ஏசி கதையும் அப்படித்தான். ஸ்ப்ளிட் ஏசி ரூம்ல இருக்குற காத்தையே இழுத்து குளிர வெச்சு திரும்ப விடுது, அவ்ளோதான். இதுல டாய்லெட் எக்ஸாஸ்ட் ஃபேன் காத்தை வெளிய தள்ளிட்டே இருக்கும், அந்த அளவுக்கு எங்கேர்ந்தாவது உள்ள வரணும்ல, படிக்கட்டு கதவு இடுக்கு வழியா வருது, யாராச்சும் கதவைத் திறந்தா இன்னும் நல்லா வருது.

இந்த அளவுக்கு கீழ இருந்தா ஆபத்தில்லன்னு ஒரு அளவே அடுத்தவங்க புகைக்கு கிடையாதுன்னு அமெரிக்க அரசோட தலைமை சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006 அறிக்கையிலயே சொல்லியாச்சு. வீட்லயோ ஆபீஸ்லயோ அந்தப் புகையில இருக்குறவங்களுக்கு இதய நோய் வர வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் கூடுது, கர்ப்பிணிகளுக்கு குழந்தையோட எடை கொஞ்சம் குறையலாம். பயந்துடாதீங்க, அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடுங்க, இப்போதைக்கு சீட்டையும் மாத்திக் கேளுங்க.

சட்டம் உங்க பக்கம்தான். 2003 கோட்பா சட்டத்துக்கு (புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம்) கீழ, பொது இடத்துல தம் அடிக்கக் கூடாதுன்னு வந்த விதிகள் 2008 அக்டோபர் 2லேர்ந்து அமல்ல இருக்கு, அதுல ஆபீஸும் பொது இடம்தான். தனி ஸ்மோக்கிங் ஏரியா வெக்கிற சலுகை 30 ரூம் ஹோட்டல், 30 சீட் ரெஸ்டாரன்ட், ஏர்போர்ட்டுக்குத்தான், ஆபீஸுக்கு இல்ல. அபராதம் 200 ரூபா வரைக்கும், கேட்டா சிரிப்பாங்க, ஆனா புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுக்கலன்னா எத்தனை பேர் பிடிச்சாங்களோ அத்தனை அபராதம் அவர் தலையிலயும் விழும். புகாரை யார்கிட்ட கொடுக்கணும்ங்கிற பேரும் நோ ஸ்மோக்கிங் போர்டுல இருக்கணும், உங்க ஆபீஸ்ல இருக்கான்னு பாருங்க.

அதனால வாய்ல சொல்லாம மெயில் போடுங்க, எந்த ஃப்ளோர், எத்தனை மணி, எத்தனை நாளான்னு எழுதி, ஹெச்ஆருக்கும் காப்பி வைங்க. ஜன்னல் ஓரமா டீ கப்புல துண்டு சிகரெட் கெடந்தா போட்டோவும் எடுத்து சேருங்க. தம் அடிக்கிறவங்க பேரை எழுத வேணாம், நாளைக்கும் அவங்க கூடத்தானே வேலை பாக்கணும். விட நினைக்கிறவங்களுக்கு அரசோட இலவச நம்பர் 1800-11-2356, அதை அந்த படிக்கட்டு கதவுலயே ஒட்டச் சொல்லுங்க.