கேள்வி-பதில்: பீக் குறைந்தால் மட்டும் போதாது

இம்மாதம் ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) பற்றி வந்த கேள்விகளில் பாதி எம்எம்ஏ பற்றியவை, அதாவது அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான மெத்தில் மெதாக்ரைலேட். பீக் என்பது ஒரு பிணைப்பு ஒளியை உறிஞ்சுவதை ஐஆர் வரைபடத்தில் காட்டும் இடம். "எனக்கு ப்ராஜெக்ட் முழுவதையும் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்ட இருவருக்குப் பதில் கிடையாது.

எம்எம்ஏ பாலிமராவதை ஐஆரில் தொடர எந்தப் பீக்கைப் பார்க்க வேண்டும்? (எம்.எஸ்சி. மாணவி, தர்மபுரி)

1638-ல் (அலகு எங்கும் செ.மீ.⁻¹) கார்பன் இரட்டைப் பிணைப்பு, பாலிமராகும்போது தீர்வது இதுதான். ஒப்பீட்டுக்கு, வினையில் தீராத, 1720-ஐ ஒட்டிய கார்போனைல். பாலிமரானதும் அது 1730 பக்கம் நகரும், ஆகவே உயரத்தை அளக்காமல் பரப்பை எடுங்கள்.

ஏடிஆர் (மாதிரியை மேலே வைத்தே அளக்கும் ஐஆர் படிகம்) மேல் ஒரு சொட்டு எம்எம்ஏ, ஏஐபிஎன் (சிதைந்து ரேடிக்கல் தந்து வினையைத் தொடங்குவது) சேர்த்து 60 டிகிரி. 10 நிமிடத்தில் பீக் பாதியாகிவிட்டது. இவ்வளவு வேகமா? (பென்னாகரம்)

வேகமாக நடந்தது ஆவியாதல். 60 டிகிரியில் ஏஐபிஎன் பாதி சிதையவே 20 மணி நேரம் பிடிக்கும். கார்போனைல் பீக் என்ன ஆயிற்று? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுவும் பாதியாகியிருந்தால் உங்கள் சொட்டு காற்றில் போய்விட்டது. ஒப்பீட்டுப் பீக் இல்லாமல் கைனெடிக்ஸ் (வினை வேகம்) பேசாதீர்கள். சொட்டை மூடி வையுங்கள், நைட்ரஜன் ஓட்டிய பிறகு தொடங்குங்கள். ஆக்சிஜன் இருந்தால் ரேடிக்கலை அது முதலில் பிடித்துக்கொள்ளும். பாட்டிலோடு வரும் தடுப்பானையும் அலுமினா வழியாக வடித்து நீக்க வேண்டும்.

என் வரைபடங்கள் எல்லாம் டிரான்ஸ்மிட்டன்ஸில் (ஊடுருவும் ஒளியின் சதவீதம்) உள்ளன. 100-லிருந்து கழித்து மோனோமர் (இன்னும் பாலிமராகாத மூலப்பொருள்) குறைவைக் கணக்கிடலாமா? (அரூர்)

கூடாது. இதை எத்தனை முறை எழுதுவது! செறிவோடு நேர்விகிதத்தில் இருப்பது அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) மட்டும்தான். டிரான்ஸ்மிட்டன்ஸுக்கும் செறிவுக்கும் இடையே மடக்கை இருக்கிறது. ஓர் உதாரணம்: தொடக்கத்தில் அப்சார்பன்ஸ் 1, பிறகு 0.5. பாதி மோனோமர் தீர்ந்துவிட்டது, 50% மாற்றம். அதே இரண்டு புள்ளிகள் டிரான்ஸ்மிட்டன்ஸில் 10, சுமார் 32. உங்கள் முறையில் கழித்தால் 90-லிருந்து 68, அதாவது 24% மாற்றம் என்று வரும். பாதிக்குப் பாதி தவறு! அதிலிருந்து வேக மாறிலி, அப்புறம் அர்ரீனியஸ் சமன்பாடு, கடைசியில் கிளர்வு ஆற்றல் இரண்டு தசமத் துல்லியத்தில்!

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். மாணவனாக இருந்தபோது இரண்டு மாத டேட்டாவை இப்படிப் போட்டு, கோடு நேராக வரவில்லை என்று வினையைக் குறை சொன்னேன். மெஷினில் ஒரு பட்டனைத் தட்டினால் அப்சார்பன்ஸ் வரும். பழைய வரைபடத்திலிருந்தும் மடக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பேஸ்லைன் (அடிக்கோடு) சரிசெய்வதை அப்சார்பன்ஸுக்கு மாற்றிய பிறகு செய்யுங்கள். அப்சார்பன்ஸ் 1-ஐத் தாண்டும் பீக்கையும் நம்பாதீர்கள், படலத்தை மெலிதாக்குங்கள்.

கிரானைட் வெடிப்பில் ஊற்றும் எப்பாக்ஸி முழுதும் இறுகியதா என்று ஐஆரில் தெரியுமா? (பாலிஷ் பட்டறை, கிருஷ்ணகிரி)

தெரியும். 915 பீக் எப்பாக்ஸி வளையத்துக்கு, 1510 பென்சீன் வளையத்துக்கு. முன்னதைப் பின்னதால் வகுத்து, கலந்தவுடன் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். பலகையையே மெஷினில் வைக்க முடியாது. அதே கலவையில் மிஞ்சியதைப் பக்கத்திலேயே இறுகவிட்டு, உள்ளிருந்து சுரண்டி எடுங்கள். ஏடிஆர் ஓரிரு மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். மேற்பரப்பில் ஈரமும் கார்பன் டைஆக்சைடும் அமீனோடு (எப்பாக்ஸியை இறுக்கும் பொருள்) சேர்ந்து வெள்ளைப் படலம் கட்டும், அதை அளந்தால் ஏமாற்றம்தான்.

முதற்படி வரைபடம் (மோனோமர் தீர்வதன் மடக்கையை நேரத்துக்கு எதிராகப் போட்டது) பாதியில் மேலே வளைகிறது. மெஷின் கோளாறா? (ஓசூர்)

இல்லை. கரைப்பானில்லாத எம்எம்ஏ 20-30% மாறியதும் கெட்டியாகி, சங்கிலிகள் ஒன்றையொன்று சந்தித்து முடிவது தடைப்படும். வேகம் எகிறும். ட்ராம்ஸ்டார்ஃப் விளைவு. நேர்கோடு வேண்டுமென்றால் முதல் 10% மட்டும்.

பாலியூரித்தேனில் ஐசோசயனேட் பீக் தள்ளாடுகிறது. (ஓசூர்)

ஐசோசயனேட்டின் 2270-க்குப் பக்கத்திலேயே 2350-ல் கார்பன் டைஆக்சைடு. மெஷினைச் சுற்றி நாலு பேர் நின்று மூச்சுவிட்டாலே தெரியும். பேக்ரவுண்டை (மாதிரி இல்லாத வரைபடம்) புதிதாக எடுங்கள், நைட்ரஜன் ஓட்டுங்கள். மாதிரியில் ஈரம் இருந்தால் ஐசோசயனேட் தண்ணீரோடும் வினைபுரியும், குறைந்ததெல்லாம் யூரித்தேன் ஆகாது.

மழைக்காலத்தில் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) தட்டு மங்கலாகிறது. ஆல்கஹாலில் கழுவலாமா? (பர்கூர்)

வேண்டாம், ஆல்கஹாலிலுள்ள தண்ணீர் அதை இன்னும் அரிக்கும். உலர்ந்த குளோரோஃபார்மில் கழுவி டெசிகேட்டரில் வையுங்கள்.