பெட்டி தானாகப் பூட்டிக்கொண்டது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு கட்டுரையில் அமெரிக்க நாவலாசிரியர் தியடோர் டிரைசரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி அவருடைய நாவல் ‘சிஸ்டர் கேரி’யை வாங்கி இழுத்துப்பிடித்துப் படித்து முடித்தேன். இரண்டு ஆண்களோடு அடுத்தடுத்து வாழ்ந்த பெண் கடைசியில் பெரிய நடிகையாகிறாள். அவளுக்காக வீடு, வேலை, மரியாதை எல்லாவற்றையும் விட்டவன் பிச்சையெடுத்துச் சாகிறான். ஆசிரியர் யாரையும் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. மனிதனுக்குச் சுயவிருப்பம் கிடையாது, பரம்பரையும் சூழலும்தான் அவனை ஆட்டிவைக்கின்றன, இதுதான் அமெரிக்க இயல்புவாதம் என்று முன்னுரையில் போட்டிருந்தது. இதை நாம் ஊழ்வினை என்று எப்போதோ சொல்லிவிட்டோமே? எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் கதையில் என்ன சுவாரசியம்? யதார்த்தவாதத்துக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

முன்னுரையை முதலில் படித்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அந்தக் கொள்கை பாரிஸ் சரக்கு. மருத்துவர் கிளாட் பெர்னார் உடலை ஆராய்ந்ததைப் போல நாவலாசிரியன் மனிதனை ஆராய வேண்டும் என்று பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலா 1880-இல் எழுதினார். அதை அமெரிக்காவில் கையில் எடுத்தவர்கள் ஃப்ராங்க் நாரிஸ், ஸ்டீபன் கிரேன், டிரைசர், ஜாக் லண்டன். நால்வரும் 1870-க்கும் 1876-க்கும் இடையில் பிறந்தவர்கள், நால்வரும் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதியவர்கள். சேரியும் வேலைநிறுத்தமும் பிணவறையும் இவர்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல. யதார்த்தவாதம் என்பது உடைந்த தேநீர்க் கோப்பையின் நாடகம் என்று நாரிஸ் 1901-இல் கிண்டலடித்தார். வரவேற்பறையைத் தாண்டாத எழுத்து என்று அவருக்கு எரிச்சல். உங்கள் கடைசிக் கேள்விக்கு இப்போதைக்கு இது போதும்.

சுவாரசியம் எங்கே என்று கேட்கிறீர்கள். கேரிக்காக எல்லாவற்றையும் விட்ட அந்த ஹர்ஸ்ட்வுட் இரும்புப் பெட்டியின் முன்னால் நிற்கும் இரவை நினைத்துப் பாருங்கள். சிகாகோவில் பெரிய மனிதர்கள் வந்துபோகும் மதுவிடுதியின் மேலாளர் அவர். கொஞ்சம் குடித்திருக்கிறார். பெட்டி பூட்டப்படாமல் கிடப்பது தற்செயலாகக் கண்ணில் படுகிறது. உள்ளே பத்தாயிரம் டாலருக்கு மேல். எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். மனம் மாறித் திரும்ப வைத்துவிட்டுப் பார்த்தால் பணத்தைப் பெட்டிக்குள் தட்டு மாற்றி வைத்திருக்கிறார். சரியாக அடுக்குவதற்காக வெளியே எடுக்கிறார். பணம் கையில் இருக்கும்போதே பூட்டு ‘க்ளிக்’ என்று விழுந்துவிடுகிறது. தான்தான் பூட்டினோமா என்று அவருக்கே தெரியவில்லை. அதற்கப்புறம்தான் அவர் ஓடுகிறார்.

இதில் எது முன்பே முடிவானது? பணத்தாசை அவருடையது, பயமும் அவருடையது, பூட்டு மட்டும் யாருடையதும் இல்லை. அவர் திருடினாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுயவிருப்பமே கிடையாது என்று சாதிக்க வந்த ஆளாக இருந்தால் டிரைசர் இந்த இடத்தை ஒரு பத்தியில் முடித்திருப்பார். அவரோ பக்கம் பக்கமாக அந்த ஊசலாட்டத்தைத்தான் எழுதுகிறார்.

இருபத்தைந்து வருடம் கழித்து, 1925-இல், ‘ஆன் அமெரிக்கன் டிராஜெடி’யில் அதே காட்சியை இன்னும் பெரிதாக எழுதினார். 1906-இல் நியூயார்க் மாநிலத்து ஏரி ஒன்றில் கர்ப்பிணிக் காதலியைக் கொன்றதாகச் செஸ்டர் ஜில்லெட் என்பவன் தண்டிக்கப்பட்ட வழக்குதான் நாவலுக்கு மூலம். நாவலில் வரும் கிளைட் கொல்லத் திட்டமிட்டுத்தான் ராபர்ட்டாவைப் படகில் கூட்டிப்போகிறான். அந்த நேரத்தில் கை ஓடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பதறி அவள் நெருங்கி வர, அவளைத் தள்ளிவிடக் கையை வீசுகிறான். கையிலிருந்த கேமரா அவள் முகத்தில் பட்டுவிடுகிறது. படகு கவிழ்கிறது. அவன் நீந்திக் கரைக்குப் போகிறான், அவளைக் காப்பாற்றவில்லை. கொலையா? நீதிமன்றத்துக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வேண்டும், அது மரண தண்டனை கொடுக்கிறது. மின்சார நாற்காலிக்குப் போகும் வரை கிளைடுக்கே அந்தப் பதில் தெளிவாவதில்லை.

சரி, ஊழுக்கு வருவோம். சிலம்பில் கோவலன் மதுரையில் வெட்டுப்படுகிறான் என்றால் அதற்குக் கணக்கு இருக்கிறது. முற்பிறப்பில் அவனால் சங்கமன் செத்தான், சங்கமன் மனைவி நீலி சபித்தாள், அந்தக் கடன் இந்தப் பிறவியில் தீர்கிறது. நியாயமோ அநியாயமோ, எங்கோ ஒரு பேரேடு இருக்கிறது. டிரைசரின் உலகத்தில் பேரேடே கிடையாது. ஹர்ஸ்ட்வுட் எந்தப் பழைய கடனையும் அடைக்கவில்லை, கேரி எந்தப் புண்ணியத்தையும் அறுவடை செய்யவில்லை. அவளுக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வாரம் நாலரை டாலர் கூலி, அதில் நாலு டாலரை அக்காள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் அரை டாலர். குளிர்காலத்துக்குக் கோட்டு இல்லை. அவள் தன் முதல் ஆளான டிரூவேயோடு போனதற்கான காரணத்தை இந்தக் கழித்தலில் தேடுங்கள், முற்பிறப்பில் அல்ல.

ஸ்டீபன் கிரேன் இதை இன்னும் பச்சையாகச் சொல்கிறார். 1897 ஜனவரியில் கியூபாவுக்குப் போன கப்பல் ஃபுளோரிடாவுக்கு அருகே மூழ்கி, அவரும் இன்னும் மூவரும் சின்னப் படகில் தத்தளித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்த கதை ‘தி ஓப்பன் போட்’. இயற்கை தன்னைப் பொருட்படுத்தவே இல்லை என்று தெரியும்போது மனிதனுக்குக் கோயில்மீது கல்லெறியத் தோன்றுகிறது, எறியக் கல்லும் இல்லை கோயிலும் இல்லை என்பதுதான் அவனுக்கு ஆத்திரம் என்று அதில் ஓர் இடம் வரும். நால்வரில் நன்றாகத் துடுப்புப் போட்ட ஆள், கப்பல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் தொழிலாளி, அவன்தான் கரையருகே சாகிறான். ஏன் அவன்? கதை காரணம் சொல்வதில்லை.

கொள்கை இவர்களைக் கவிழ்த்த இடங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நாரிஸின் ‘மெக்டீக்’ 1899-இல் வந்தது. அதில் வரும் யூதப் பாத்திரமான ஸெர்கோவைப் பாருங்கள். இரத்தத்திலேயே பேராசை ஊறியவன் என்கிறார். ஆராய்ச்சி இல்லை அது, தெருவில் கிடந்த வெறுப்பை எடுத்து அறிவியல் சட்டை போட்டுவிட்டார். ‘தி ஆக்டோபஸ்’ (1901) எனக்கு வேறு விதத்தில் உறுத்துகிறது. 1880-இல் கலிஃபோர்னியாவின் மஸல் ஸ்லூவில் ரயில்வே நிலத் தகராறில் ஏழு பேர் செத்தார்கள், அந்தத் துப்பாக்கிச் சண்டையை வைத்து எழுதிய நாவல். கடைசியில் ரயில்வே முதலாளி, மனிதர்களைக் குறை சொல்லாதே, நிலைமைகளைச் சொல் என்கிறான். கேள்வி கேட்கப் போன கவிஞன் ஏறக்குறைய வாயடைத்துத் திரும்புகிறான். யாரும் பொறுப்பில்லை என்ற தத்துவம் யாருக்கு வசதி என்று நாரிஸ் யோசித்திருக்கலாம். போதாததற்கு, அந்தக் கோதுமை இந்தியப் பஞ்சத்துக்குக் கப்பலேறுகிறது, பட்டினி கிடப்பவர்கள் பிழைப்பார்கள், ஆகவே எல்லாம் நன்மைக்கே என்று முடிக்கிறார். நம் ஊர்ப் பஞ்சத்தை இவருடைய நாவலுக்கு ஆறுதல் பரிசாக்கியதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனால் 1900-இல் ‘சிஸ்டர் கேரி’யின் கைப்பிரதியைப் படித்துவிட்டு டபுள்டே பதிப்பகத்திடம் வெளியிடச் சொல்லிப் பரிந்துரைத்ததும் இதே நாரிஸ்தான். பதிப்பகத்தார் ஒப்பந்தத்துக்காக அச்சடித்தார்களே தவிர விளம்பரம் செய்யவில்லை. முதல் பதிப்பு ஐந்நூறு பிரதிகூட விற்கவில்லை. டிரைசர் நொடித்துப்போய் ரயில்வேயில் கூலி வேலை பார்த்தார்.

டிரைசரின் நடை கரடுமுரடு, நடுவே தத்துவம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நீங்கள் இழுத்துப்பிடித்தது நியாயம்தான். முதலில் ‘தி ஓப்பன் போட்’ படியுங்கள், ஒரே மாலையில் முடித்துவிடலாம். அப்புறம் கேரியில் நியூயார்க் பகுதியை மட்டும் திரும்ப எடுங்கள். ஹர்ஸ்ட்வுட் கையில் எவ்வளவு மிச்சம் என்று டிரைசர் சொல்லிக்கொண்டே வருவார். அந்தத் தொகைகளை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். முன்னுரையை விட்டுவிடலாம்.