ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல் எண்) எங்கள் கோப்புப் பகிர்வு மென்பொருளே திறந்துகொள்ள வைக்க முடியுமா?

முடியும். ரவுட்டரிடம் மென்பொருளே போர்ட் கேட்பதற்கான நெறிமுறைகள் உண்டு: முதலில் யூபிஎன்பி (UPnP), அது பதில் தராவிட்டால் பிசிபி (PCP) அல்லது நாட்-பிஎம்பி (NAT-PMP). யூபிஎன்பியை நீங்களே எழுத உட்காராதீர்கள், மினியூபிஎன்பிசி என்ற சி மொழி நூலகம் போதும்.

உள்ளே நடப்பது இதுதான்: மென்பொருள் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் போகும் முகவரி), யூடிபி 1900 போர்ட்டில், 'ரவுட்டர் யாராவது உண்டா?' என்று குரல் கொடுக்கும். ரவுட்டர் தன் விவரக் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும். அதிலுள்ள கட்டுப்பாட்டு முகவரிக்கு போர்ட்டைத் திறக்கச் சொல்லும் 'ஆட்போர்ட்மேப்பிங்' (AddPortMapping) கட்டளை போனால் வேலை முடிந்தது.

தலைவலி குத்தகைக் காலத்தில்தான், அதாவது போர்ட் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதில். 3600 விநாடி கேட்டு, பாதியிலேயே புதுப்பியுங்கள். மென்பொருள் திடீரென நின்றுபோனாலும் போர்ட் அந்தக் காலத்துக்கு மேல் திறந்தே கிடக்காது. சில ரவுட்டர்கள் 725 என்ற பிழையைக் காட்டி அடம்பிடிக்கும். நிரந்தரக் குத்தகைதான் தருவேன் என்று அர்த்தம். அப்போது குத்தகைக் காலமாக 0 (நிரந்தரம்) அனுப்பிவிட்டு, மென்பொருளை மூடும்போது அந்தப் போர்ட் பதிவை மறக்காமல் நீக்குங்கள். 718 வந்தால் அந்தப் போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், வேறு எண் கேளுங்கள்.

ரவுட்டரின் வெளி முகவரியையும் கேட்டுப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், இணைய நிறுவனமே உங்களை இன்னொரு 'நாட்'டுக்குப் (NAT; தேசம் அல்ல, முகவரி மாற்றி!) பின்னால் வைத்திருக்கிறது. அங்கே யூபிஎன்பி உதவாது. ஐபிவி6 (புதிய தலைமுறை இணைய முகவரி) அல்லது ஹோல் பஞ்சிங் (இரு பக்கமும் உள்ளிருந்தே இணைப்பு அனுப்பி வழி உண்டாக்குவது) தான் வழி.