சுவிஸில் பனிச்சரிவு எச்சரிக்கை 5இல் 3 என்றால் மலையில் நடக்கப் போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்குப் போகிறார். அங்கே இருக்கிற மச்சான், ஸ்னோ ஷூ கட்டிக்கொண்டு பாதையில்லாத மலைச்சரிவில் நடக்கக் கூப்பிடுகிறாராம். "எச்சரிக்கை 3 தான், நடுத்தரம்தானே" என்றும் சொன்னாராம்.

நான் கிரவ்புண்டன் மாநிலத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் ஒன்பது குளிர்காலம் வேலை செய்துவிட்டு இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். மலையேறுகிறவன் இல்லை. ஆனாலும் அந்த 'நடுத்தரம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்த 3ஐப் பரீட்சைப் புள்ளி மாதிரிப் பார்க்காதீர்கள். ஜெர்மனில் அந்த நிலையின் பெயர் 'எர்ஹெப்லிஹ்', கணிசமான ஆபத்து என்று அர்த்தம். ஒவ்வொரு படிக்கும் ஆபத்து மடங்காக ஏறுகிறது. அங்கே பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த 3ஆம் நிலை நாட்களில்தான் சாகிறார்கள். 5 அறிவித்தால் ஊரே வீட்டுக்குள் இருக்கும். 3 அறிவித்த நாளில் வானம் நீலமாக, வெயில் வடிவாக இருக்கக்கூடும். ஆசை வருவது அன்றைக்குத்தான்.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் விழுந்து தடிமன் கொண்டுவருவது. மலைப்பனி வேறு சாமான். மேலேயிருந்து தானாக உருண்டு வந்து ஆளை மூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அகப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேரை மூடுவது, அவர்களோ கூடப் போனவர்களோ மிதித்துக் கிளப்பிவிட்ட பனிதான்.

எங்கள் குசினியில் கோப்பை கழுவ வந்த உள்ளூர்ப் பெடியன் ஒருவன் மலை வழிகாட்டியாகப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு லீவு நாளில் என்னைச் சரிவு குறைந்த இடத்துக்குக் கூட்டிப்போய், மண்வெட்டியால் இடுப்பளவு குழி வெட்டினான். குழியின் சுவரில் கோடு கோடாக அடுக்குகள் தெரிந்தன. மேல் அடுக்கு காற்று அடித்து இறுகிய பலகை. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டான். தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியேதான்! பொத்திப் பிடித்தாலும் ஒட்டாமல் விரலிடுக்கால் வழிந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, மேலே கடுங்குளிரும் கீழே நிலத்தின் இளஞ்சூடுமாகக் கிடந்து இப்படி மணிமணியாக மாறிவிடுமாம். மேசையில் சீனியைக் கொட்டி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து மேசையைச் சரித்துப் பாருங்கள். அதுதான் பனிச்சரிவு.

திரும்பி வரும்போது காலடியில் 'வும்' என்று ஒரு சத்தம். பலகை அடியில் இடிந்த சத்தம் அது. இடம் கிட்டத்தட்டச் சமதரை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை. "இதே சத்தம் செங்குத்தில் கேட்டால் யோசிக்க நேரம் இருக்காது" என்றான். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

எவ்வளவு செங்குத்து என்று கேட்பீர்கள். வடமராட்சி மணற்காட்டில் மணல் மேட்டின் உச்சியிலிருந்து கீழே பார்த்திருப்பீர்கள்தானே? உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். பனிப்பலகை அநேகமாகச் சரிவதும் 30 முதல் 45 பாகைக்குள்தான். காற்று மணலை மேட்டின் மறுபக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிற மாதிரியே பனியையும் கொட்டும், அதனால் புதுப்பனி விழாத நாளிலும் ஆபத்து ஏறும். சுவிஸ் அரசின் இணைய வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டலாம். நிறமில்லாத இடத்தில் நடந்தாலும், தலைக்கு மேலே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே நடக்கிறவரின் பாரமே மேல் சரிவைக் கிளப்பிவிடும்.

அப்புறம் சாமான். ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியை அங்கே எல்.வி.எஸ் என்பார்கள். அதோடு பனிக்குள் குத்தித் தேடுகிற மடக்குக் கம்பியும் மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மச்சானிடம் மட்டும் இருந்தால், புதையுண்ட மச்சானை நீங்கள் எதைக்கொண்டு தோண்டுவீர்கள்? முதல் 10 நிமிடத்தில் வெளியே எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள், அரை மணி கடந்தால் கொஞ்சப் பேர்தான். ஹெலிகாப்டருக்கு 1414 அடிக்கலாம், ஆனால் அது வந்து சேரும்வரை தோண்டப்போவது நீங்கள்தான்.

சரி, என் பதில்: 3 என்றால், வழிகாட்டி இல்லாமல் அந்த நடைக்குப் போகாதீர்கள். ஊதா கலந்த ரோஸ் நிற அறிவிப்புப் பலகை நட்ட, திறந்திருக்கிற பாதையில் நடக்கலாம், பனியும் அதே பனிதான். டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை விடும், காலை 8 மணிக்குப் புதுப்பிக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவு என்று அதில் எழுதியிருக்கும். ஆங்கிலத்திலும் வருகிறது, மச்சானின் ஜெர்மனை நம்பியிருக்கத் தேவையில்லை.