கர்ப்பிணி மனைவியுடன் இங்கிலாந்து வரும் தம்பிக்கு

நான்கு மாதக் கர்ப்பிணியான மனைவியுடன் அடுத்த மாதம் இங்கிலாந்து வருவதாகவும், வாடகை, குளிர், மருத்துவம் மூன்றும் எப்படியிருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் மருத்துவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1948இல் எல்லோருக்கும் பொதுவென்று தொடங்கப்பட்ட தேசிய சுகாதாரச் சேவையில்கூட எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. இங்கே பேறுகால மரணம் அரிதுதான். ஆனால் 2019 முதல் 2021 வரையிலான கணக்கில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களின் இறப்பு வீதம் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் ஆசியப் பெண்களுடையது ஏறத்தாழ இரு மடங்காகவும் இருந்தன. ஏழ்மை மிகுந்த பகுதிகளிலும் நிலைமை இப்படித்தான். யாரோ ஒருவர் முகம் சுளிப்பதால் மட்டும் வரும் வேறுபாடு அன்று இது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியே கருமையான தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை அரசு அமைத்த குழு 2024இல்தான் அறிக்கையாக எழுதியது.

வந்த வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்றோ கடவுச்சீட்டோ இல்லையென்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. 1999இல் இதை அறியாத நான், ஆறு பேர் தங்கிய அறையில் என் பெயருக்கு வராத மின்கட்டண ரசீதைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். வரவேற்பு மேசையில் அதைக் கேட்டவர் நம்மவர்தான். முன்னால் வந்து சேர்ந்தவர்களில் சிலருக்குப் பின்னால் வருபவரை நிறுத்திவைப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. பேறுகாலச் செவிலியரைப் பத்தாவது வாரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள முறை. நீங்கள் தாமதமாகத்தான் வருகிறீர்கள், ஆகவே மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவை நேரடியாகவே அழையுங்கள். தெற்காசியர் என்பதால் 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். அவர்கள் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மொழிபெயர்ப்பாளர். அவரைக் கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்து தருவது அவர்கள் பொறுப்பு. முன்பதிவு செய்யும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். ‘எதற்கு வம்பு, தெரிந்த ஒருவரை அழைத்துப் போ’ என்று நம்மவர்கள் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

நாங்கள் அப்படித்தான் கேட்டோம். நான் இரவு வேலை முடிந்து திரும்பாத ஒரு காலையில், என் மனைவி பக்கத்து அறையிலிருந்த ஒன்பது வயதுப் பையனை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள். இரத்தம் போகிறது என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னதை அவன் கூச்சத்தில் விட்டுவிட்டு, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறான். வாயுவுக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆம்புலன்சில் போனோம், குழந்தை தங்கவில்லை. உடனே சொல்லியிருந்தாலும் தங்கியிருக்குமா என்று எந்த மருத்துவரும் எனக்கு உறுதியாகச் சொன்னதில்லை.

பின்னாளில் நானே படித்துத் தேர்வெழுதி மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரானேன், பதினெட்டு ஆண்டுகளாகிவிட்டன. அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவன் மனைவியின் முதல் பேறுகாலத்தில் மொழிபெயர்க்கப் போனவனும் நான்தான். அன்று மருத்துவரின் அறையில் அவன் எதை விட்டுவிட்டான் என்பதை நாங்கள் இருவரும் அவனிடம் சொன்னதில்லை.