டிடிஎஸ் 320 காட்டுகிறது, குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை பொதுக்குழாயில் குடிநீர் வருகிறது. டிடிஎஸ் மீட்டர் 320 காட்டுகிறது. அப்படியே குடிக்கலாமா? வேறு ஏதும் பரிசோதிக்க வேண்டுமா?

அந்த 320-ஐ மட்டும் வைத்துக் குடிக்கலாம் என்று சொல்ல முடியாது. ஒரு குடம் தண்ணீரில் ஒரு கை சாக்கடைநீரை விட்டு அதே மீட்டரை வைத்துப் பாருங்கள், எண் பெரிதாக நகராது. கரைந்திருக்கும் உப்பை மட்டுமே அது அளக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2,000 வரை. உப்பைப் பொறுத்தவரை உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் வாந்திபேதியும் டைபாய்டும் மஞ்சள்காமாலையும் உப்பால் வருவதில்லை.

குடிநீர் ஆய்வகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். ஒருமுறை ஒரு சிறிய ஊரில் ஒரே தெருவில் அடுத்தடுத்து மஞ்சள்காமாலை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன், கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) இருந்தது. குறையில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். தெருக்கோடி வீட்டுப் பாட்டி விடவில்லை. "டேங்க்குல பாத்து என்ன தம்பி பண்ணுவ, நாங்க குடிக்கிறது இந்தக் குழாயில" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கே பிடித்த தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் சோதனைத் திரவத்தை விட்டேன், மஞ்சள் நிறம் துளிகூட வரவில்லை. குளோரின் பூஜ்யம். பிறகு வீடு வீடாகப் பின்னால் நடந்தேன். பாதித் தெரு வரை 0.4 இருந்தது, அடுத்த குழாயில் இல்லை. அந்த இரண்டு குழாய்களுக்கு நடுவில் தோண்டியபோது, துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரும்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது.

உங்கள் ஊர் போல விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் எல்லா ஊரிலும் இது நடக்கலாம். வால்வை அடைத்ததும் குழாயில் அழுத்தம் போய்விடுகிறது. காலியான குழாய், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே கிடக்கும் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடுகள் தெருவில் இருந்தால் இன்னும் மோசம். அவர்கள் இழுப்பது தண்ணீரை மட்டும் என்று நினைக்கக் கூடாது.

அதனால் முதலில் குளோரினைப் பாருங்கள். குளோரினை அளக்கும் பெட்டி, குளோரோஸ்கோப் என்று கேட்டால் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். தண்ணீர் வரும் நாளில் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போய், சம்ப்பிலோ மாடித் தொட்டியிலோ தேங்காத நேர்த் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, அதோடு வரும் ஆர்த்தோடாலிடின் திரவத்தைச் சில துளி விட்டு, வரும் மஞ்சளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது 0.2 பிபிஎம் இருக்க வேண்டும். அந்தத் திரவம் நஞ்சு. கையில் படவிடாதீர்கள், சோதித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

நிறமே வரவில்லையா? அன்றிலிருந்தே நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அடுத்து, டேங்க்குக்குப் பக்கத்துக் குழாயில் பாருங்கள். அங்கே இருந்து, கோடியில் இல்லாமல் போனால் வழியில் ஏதோ அழுக்கு குளோரினைத் தின்றுவிடுகிறது. அங்கேயும் இல்லையென்றால் போடவே இல்லை, அல்லது போட்ட பவுடரில் சத்து இல்லை. 30,000 லிட்டர் தொட்டியில் 2 பிபிஎம் வர 60 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீதம் உள்ள புது பிளீச்சிங் பவுடர் என்றால் 200 கிராம் போதும். வாய் திறந்த பையில், ஈரமான மோட்டார் அறையில் கிடந்து அது 15 சதவீதமாக இறங்கியிருந்தால் 400 கிராம் தேவைப்படும். டேங்க் ஆபரேட்டர் தினமும் அதே அளவை மனசாட்சியோடு போட்டுக்கொண்டிருப்பார், குளோரின் மட்டும் பாதியாகியிருக்கும். அவரோடு சண்டை போடாமல், பை எப்போது திறந்தது என்று கேளுங்கள்.

கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீரைப் பழைய ஜூஸ் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். நான் வேதனைப்பட்டு நிறையத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆய்வகமே கிருமிநீக்கிய பாட்டில் தரும். அதற்குள் கொஞ்சம் மருந்து இருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடுகிறார்கள். அது சோடியம் தயோசல்பேட். பாட்டிலுக்குள் குளோரின் தொடர்ந்து வேலை செய்யாமல் நிறுத்துவது அதுதான். குழாய் வாயைச் சுடரில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில் கழுத்தில் விரல் படாமல், மேலே சிறிது இடம் விட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றே சேர்த்துவிட வேண்டும். திறந்த உடனே கலங்கலாகவோ நாற்றத்தோடோ வருகிறதென்றால் அந்த முதல் தண்ணீரைத் தனிப் பாட்டிலில் எடுங்கள். 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு உண்டு, ஊராட்சியில் விசாரியுங்கள். கிருமிக்கென்று உள்ள ஹெச்2எஸ் பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும், கெட்டிருந்தால். கறுக்காவிட்டாலும் ஆய்வகத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்கள் இருக்கின்றன, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்.

உங்கள் குழாயில் போர்வெல் தண்ணீர் கலக்கிறதென்றால் புளோரைடும் நைட்ரேட்டும் பாருங்கள். புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது; நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளோரைடால் பல்லில் காவி ஏறிய பிள்ளைகள் குடித்த தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு. அதனால்தான் அங்கே ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. புளோரைடு கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும்.

ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி விற்பவர் வீட்டுக்கு வந்து, தம்ளரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் செம்மண் குழம்பாவதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். கரைவது அந்த இரும்புக் கம்பி. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயாமல் தெளிவாக நிற்கிறது.

ஆய்வகப் படிவத்தில் 'மாதிரி எடுத்த இடம்' என்ற கட்டத்தில் தெருப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வீட்டுக்கு எதிரே உள்ள குழாய், எத்தனை மணிக்கு, தண்ணீர் திறந்து எத்தனையாவது நிமிடத்தில் பிடித்தது என்று எழுதுங்கள். எங்கே தோண்டுவது என்று முடிவு செய்ய அதுதான் உதவும்.